ஞாயிற்றுக்கிழமைப் பயணமும் சின்னவள் சடங்கும்

எடிசன், நியூ ஜெர்சி
அக்டோபர் கடைசி வாரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

கீரனூர் வாத்தியார் மகன் நேற்று ராத்திரி வந்து உன் கடிதத்தையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் கொடுத்துவிட்டுப் போனான். பாட்டில் மூடி லேசாகத் திறந்து கடிதத்தின் ஓரமெல்லாம் எண்ணெய். ஆனால் ஒரு எழுத்துகூட அழியவில்லை, "போனை எடுக்கவே மாட்டேங்கிறே" என்று நீ இரண்டு இடத்தில் எழுதியிருப்பது உட்பட. ஆபீஸ் நேரம் முன்னே பின்னே மாறுகிறது, வேறொன்றுமில்லை.

அக்காவின் சின்னவள் சடங்கைப் பற்றி நீ எழுதியிருக்கும் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதற்குள் வாத்தியார் மகன் கண் காது மூக்கு வைத்துச் சொல்லிவிடுவான் என்பதால் இதை முதலில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிறேன். பயப்படாதே. சவர்லேண்ட் மலை என்று பேர்தான் பெரிசு, உச்சியே 173 மீட்டர். காரில் முக்கால் மணி நேரம். எல்லாம் கீழ்வீட்டுக் கிழவர் ஏற்பாடு. ரேடியோவோடு சண்டை போடுவாரே, அவரேதான். வண்டி அவருடையது, புளிசோறு என்னுடையது. என் காரைக் கொடுத்துவிட்டேன். இங்கே எல்லாமே பக்கம், சும்மா நிறுத்திவைத்து இன்சூரன்ஸ் கட்டுவானேன்? அந்தக் காட்டுக்கு டிக்கெட்டும் கிடையாது, வண்டி நிறுத்தவும் காசில்லை.

ஒரு வாரமாகக் கிழவர் பென்சிலில் வரைபடம் போட்டுப் போட்டு அழிக்கிறார். வாசலில் ஒரு குளம், அங்கிருந்து சுற்றிவர எட்டு கிலோமீட்டர். ஏற்றம் குறைவு, கல்தான் அதிகம். ஆள் உயரத்துக்கு மேலே கருங்கல் உருண்டைகள் காடு முழுக்கக் கிடக்கின்றனவாம். ஓரிடத்தில் ஓடையே கல்லுக்கு அடியில் ஓடுகிறது, தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது, இரைச்சல் மட்டும் கேட்கும். பனிப்பாறை இழுத்துக்கொண்டு வந்த கற்கள் என்று அவர் அடித்துச் சொல்கிறார். நான் படித்துப் பார்த்தேன். பனிப்பாறை இங்கே பக்கத்திலிருக்கிற மெட்டச்சனோடு நின்றுவிட்டது, அந்த மலைவரை போகவேயில்லை. 20 கோடி வருஷத்துக்கு முன்னால் மண்ணுக்கடியில் குழம்பாக ஏறி இறுகிய கல், குளிரிலும் மழையிலும் வெடித்து அங்கேயே உருண்டையாகி நிற்கிறது. சொன்னேன். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

இப்போது இலை உதிர்கிற காலம். ஈர இலைக்கடியில் கல் எங்கே, சந்து எங்கே என்று தெரியாது, கணுக்கால் ஜாக்கிரதை என்கிறார். மரத்தில் அடித்திருக்கும் குறி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இருந்தால் அங்கே பாதை திரும்புகிறது என்று அர்த்தமாம். மான் உண்ணி கடித்தால் காய்ச்சல் வருமென்று பேன்ட்டை சாக்ஸுக்குள் சொருகச் சொல்கிறார். மான் வேட்டைக் காலமும் தொடங்கிவிட்டதால் எனக்கொரு ஆரஞ்சுத் தொப்பி. அதைப் போட்டால் காவடி எடுக்கப் புறப்பட்டவன் மாதிரி இருக்கிறேன். அன்றைக்குத்தான் கடிகாரத்தை ஒரு மணி பின்னே திருப்புகிறார்கள், ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். அதனால் காலை ஒன்பதுக்கே ஏறி மூன்றுக்குள் இறங்கிவிடுவோம்.

புளிசோற்றுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனேன். இங்கே ஒரு கொத்து என்ன விலை என்று சொன்னால் அப்பத்தா மயங்கி விழும். கறிவேப்பிலை இல்லாமலே கிளறப்போகிறேன், கிழவருக்கு என்ன தெரியப்போகிறது.

ஐயா நம்மை நார்த்தாமலையில் மேலமலைக்குக் கூட்டிப்போய், சமணர் குடகு குகைக் கோயிலில் பாறையில் செதுக்கியிருக்கும் பன்னிரண்டு பெருமாளையும் எண்ணச் சொல்வாரே. அக்கா எப்போதும் பதினொன்று என்பாள். பாறை சுட்டுக் குதித்துக் குதித்து எதிரே இருக்கிற விஜயாலய சோளீஸ்வரம் கோயில் நிழலுக்கு ஓடுவோம். இங்கே தூங்குகிற நேரம் தவிர சாக்ஸைக் கழற்ற முடியவில்லை அம்மா. அந்தச் சூடு காலில் பட்டால் போதும் போலிருக்கிறது. வந்துவிடலாமா என்றுகூட ஒரு நாள்

அது கிடக்கட்டும். சடங்கைத் தையிலேயே வைக்க வேண்டும் என்று மச்சான் நிற்கிறாரா, இல்லை அவர் அம்மாவா? வைகாசி என்றால் நான் நேரிலேயே வந்து நிற்பேன், டிசம்பர் ஜனவரி டிக்கெட் யானை விலை. தைதான் என்றால் பச்சை ஓலைக் குச்சு கட்டவும் மாலை போடவும் சித்தப்பா மகனை மாமன் முறைக்கு நிறுத்து. அவனுக்கு வேட்டி துண்டு எடுத்துக் கொடு, இல்லையென்றால் சித்தி ஆயுசுக்கும் சொல்லிக்காட்டும். சங்கிலி ஒரு பவுன் என்று யாரிடமும் வாய்விட்டுவிடாதே. தங்கம் விற்கிற விலையில் அரைப் பவுன் தோடும் சீர்த் தட்டும் வைத்தாலே மரியாதைதான், மீதியை நான் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். பணம் கார்த்திகையில் அனுப்புகிறேன், அதுவரை பந்தல்காரரிடம் முன்பணம் கொடுக்காமல் பேச்சோடு வை. புடவையை நீயும் அக்காவும் முடிவு பண்ணாதீர்கள். கட்டப்போகிறவள் அவள், சின்னவளையே கடைக்குக் கூட்டிப்போ.

இப்படிக்கு,
அன்பு மகன்