விம்முக்குள் அலியாஸ்: நண்பனுக்கு ஒரு கடிதம்

திருகோணமலை,
ஆடி மாதம்.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்று வாசித்ததும் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே கச்சான் அடித்துத் தள்ளுகிறது. பகலில் வெளியே இறங்க ஏலாத வெக்கை, ஆனால் கடல் அமைதி. நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போகிற படகுகளுக்கு ஓய்வே இல்லை.

இனி நீ கேட்ட விஷயம். 'கிட் ஸ்டேட்டஸ்' என்ற கட்டளைக்கு நீ அலியாஸாக, அதாவது சுருக்கப் பெயராக, வைத்திருக்கும் 'ஜிஎஸ்டி' டெர்மினலில் ஓடுகிறது, விம் எடிட்டருக்குள் ஆச்சரியக்குறி போட்டுக் கூப்பிட்டால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்கிறது. விம்மில் பிழை இல்லை, உன்னிலும் பிழை இல்லை. டெர்மினலில் நீ திறந்து வைத்திருக்கும் ஷெல்லிடம், அதாவது கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராமிடம், விம் போவதே இல்லை. 'பாஷ்' என்ற ஷெல் ஒன்றைப் புதிதாகக் கிளப்பி, 'ஹைஃபன் சி' என்று சொல்லி, கட்டளையைக் கையில் கொடுக்கிறது. வேலை முடிந்ததும் அந்த பாஷ் போய்விடும். எதிரே ஆள் இருந்து தட்டாத ஷெல் என்பதால் அது உன் அலியாஸ்கள் இருக்கும் தொடக்கக் கோப்பான பாஷ்ஆர்சியை வாசிக்காது. அதோடு, அப்படியான ஷெல்லில் அலியாஸை விரிக்கும் வசதியையே பாஷ் அணைத்து வைத்திருக்கிறது. ஆகவே தடை இரண்டு. பலர் முதலாவதை மட்டும் நீக்கிவிட்டு, இன்னும் ஓடவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

உபுண்டு லினக்ஸில் இன்னொன்றும் இருக்கிறது. உன் பாஷ்ஆர்சியைத் திறந்து மேல் வரிகளைப் பார். ஆள் இல்லாத ஷெல் என்றால் அங்கேயே 'ரிட்டர்ன்' என்று திருப்பி அனுப்பிவிடும். கீழே நீ எழுதிய அலியாஸ் வரை யாரும் வந்து சேர்வதில்லை.

விம்மில் அந்த 'ஹைஃபன் சி'யை வைத்திருக்கும் 'ஷெல்சிஎம்டிஃபிளாக்' என்ற அமைப்பை 'ஹைஃபன் ஐசி' என்று மாற்று என்று பலர் சொல்வார்கள். ஓடும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் பாஷ்ஆர்சி முழுவதும் வாசிக்கப்படும். சில நேரம் விம்மே பின்னணிக்குப் போய் நின்றுவிடும், 'எஃப்ஜி' அடித்துத்தான் திரும்ப எடுக்க வேண்டும். எனக்கு அது பிடிக்கவில்லை.

நான் செய்வது இதுதான். தனியாக ஒரு கோப்பு. முதல் வரியில் அலியாஸ் விரிப்பதை இயக்கும் 'ஷாப்ட் ஹைஃபன் எஸ் எக்ஸ்பாண்ட்_அலியாசஸ்', அதற்குக் கீழே தேவையான அலியாஸ்கள் மட்டும். பிறகு விம்மின் அமைப்புக் கோப்பான விம்ஆர்சியில் 'லெட்' போட்டு, டொலர் குறியோடு 'பாஷ்_என்வ்' என்ற மாறிக்கு அந்தக் கோப்பின் முழுப் பாதையையும் மேற்கோளுக்குள் கொடு. ஆள் இல்லாமல் கிளம்பும் பாஷ் முதலில் தேடுவது அந்த மாறியைத்தான். இரண்டு தடையும் ஒரே கோப்பில் நீங்கிவிடும். 'எஸ்எச்' என்ற பெயரில் கிளம்பும் ஷெல் இதைப் பார்க்காது, அதனால் விம்மில் 'செட் ஷெல்' என்று கேள்விக்குறியோடு அடித்து, வருவது பாஷ்தானா என்று பார்த்துக்கொள். பாஷ்ஆர்சியில் மட்டும் இந்த மாறியை எக்ஸ்போர்ட் பண்ணாதே. அந்த டெர்மினலிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு பாஷ் ஸ்கிரிப்டும் உன் அலியாஸை வாசிக்கத் தொடங்கும். கோப்பை அழிக்கும் 'ஆர்எம்'முக்கு 'ஹைஃபன் ஐ' சேர்த்து வைத்திருக்கிறாய் என்றால் நள்ளிரவில் ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்று 'அழிக்கவா?' என்று கேட்டுக்கொண்டு நிற்கும்.

தம்பியின் மாக்கில் இருப்பது இசட்எஸ்எச் என்ற ஷெல் என்றால் வேலை சுலபம். 2019இல் வந்த மாக்ஓஎஸ் கட்டலினா பதிப்பிலிருந்து அதுதான் வழமையான ஷெல். 'டொட் இசட்எஸ்எச்என்வ்' கோப்பில் அலியாஸை எழுதினால் போதும்.

ஆனாலும் மச்சான், வேறு புரோகிராம் கூப்பிட வேண்டிய எதையும் அலியாஸாக வைக்காதே என்பதுதான் என் எண்ணம். பெரும்பாலும் அலியாஸைவிட ஃபங்ஷனே நல்லது என்று பாஷின் கையேடே சொல்கிறது. அதைவிட நல்லது சின்ன ஸ்கிரிப்ட். என்னிடம் படிக்க வரும் மூதூர்ப் பிள்ளை ஒருத்தி, அப்பாவின் கடைக் கணக்கை யூஎஸ்பிக்குப் படியெடுக்க அலியாஸ் எழுதியிருந்தாள். கையால் அடித்தால் ஓடியது, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டால் ஓடவில்லை. அதே வரியை ஒரு கோப்பில் எழுதி, தலையில் எந்த ஷெல் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் 'பின் பாஷ்' வரி வைத்து, 'சிஎச்மாட்' போட்டு ஓடும் அனுமதி கொடுத்து, வீட்டு டைரக்டரிக்குள் 'டொட் லோக்கல், பின்' என்ற இடத்தில் வைத்தாள். கிரானில் முழுப் பாதையோடு கொடுத்ததும் ஓடியது. முகமெல்லாம் சிரிப்பு. பைத்தானிலிருந்தும் அதே கோப்பைக் கூப்பிடலாம். பைத்தானில் கட்டளை ஒன்றை ஓட்ட 'ஷெல் ட்ரூ' என்று கொடுத்தால் அது போவது 'பின் எஸ்எச்'சிடம், உபுண்டுவில் 2006இன் 6.10 பதிப்பிலிருந்து அது பாஷ்கூட இல்லை, டாஷ் என்ற வேறு ஷெல். பாஷ் அலியாஸ் அங்கே எப்படிப் போய்ச் சேரும்?

உன் பாஷ்ஆர்சியில் உள்ளதில் எவற்றை விம்மிலிருந்து கூப்பிடுகிறாய் என்று ஒரு பட்டியல் எழுதி அனுப்பு. எது ஸ்கிரிப்டாக வேண்டும், எது அலியாஸாகவே இருக்கலாம் என்று குறித்து அனுப்புகிறேன். ஆவணியில் வருவதானால் லெப்டொப்பையும் கொண்டு வா.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்