ஊசி எப்போது ஏறுகிறது என்று பார்

தம்பிக்கு,

சிங்கப்பூர்–ஜொகூர் கடற்பாலத்தில் வரிசையில் நிற்கும்போது காரின் வெப்ப ஊசி முக்கால்வாசிக்கு மேலே போனது, ஜொகூரைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஓட ஆரம்பித்ததும் தானே இறங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். பாதி பதிலை நீயே சொல்லிவிட்டாய்.

கார் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரின் சூட்டைக் கொண்டுபோய்விடும். நின்றுவிட்டால் அந்த வேலை முழுக்க ஃபேன் தலையில். அதனால் என் சந்தேகம் ஃபேன்மேல்தான். 110-இல் போகும்போது ஏறியிருந்தால் வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் அடைப்பு என்று வேறு பக்கம் தேடச் சொல்லியிருப்பேன்.

காலையில், எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது பார். ரிசர்வ் டேங்க்கில் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். அதோடு விடாதே, ரேடியேட்டர் மூடியையும் திறந்து கழுத்துவரை இருக்கிறதா பார். டேங்க் நிறைந்திருந்து ரேடியேட்டர் குறைந்திருந்தால், ஆறும்போது கூலன்ட் திரும்பி வரவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் மூடியின் நடுவிலுள்ள சின்ன வால்வு போயிருக்கும். மலிவான சாமான், ஆனால் மேலே 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து அதே எண்ணில் வாங்கு. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சாதாரணமாக 107 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். அதை 125-க்கு மேலே தாங்க வைப்பது இந்த மூடி பிடித்து வைக்கும் அழுத்தம். சூடாக இருக்கும்போது திறந்தால் ஒரே நொடியில் கொதித்துப் பொங்கி ஆவியோடு முகத்தில் அடிக்கும்.

அடுத்து ஃபேன். எஞ்சினை ஓடவிட்டு ஏர்கானை முழுக்க வை. சில நொடியில் ஃபேன் சுற்றியாக வேண்டும். இரண்டு ஃபேன் இருந்தால் இரண்டையும் பார். ஒன்று மட்டும் சுற்றுவதைப் பலர் கவனிப்பதில்லை. சுற்றவில்லையென்றால் முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே (ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சின்ன சுவிட்ச்). ஹாரன் ரிலே அதே எண்ணாக இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். அப்போதும் சுற்றாவிட்டால் எஞ்சினை அணைத்து, ஃபேனின் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து 12 வோல்ட் நேராகக் கொடு. சுற்றினால் மோட்டார் நல்லது. கோளாறு வயரிங்கிலோ சென்சாரிலோ. குச்சியால் லேசாகத் தள்ளிய பிறகுதான் கிளம்புகிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது, மோட்டாரை மாற்று. ஒன்று மறக்காதே: எஞ்சின் அணைந்திருந்தாலும் எலக்ட்ரிக் ஃபேன் திடீரென்று சுற்றும். கனெக்டர் மாட்டியிருக்கும்வரை கையை உள்ளே விடாதே.

ஃபேன் சரியாக இருந்தால், ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் இருக்கும் ஏர்கான் கண்டென்சருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பார். இலையும் தூசியும் பஞ்சு மாதிரி படிந்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து சாதாரணக் குழாய் நீரால் கழுவு. பிரஷர் ஜெட் வைத்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் மடங்கிப்போகும்.

"நம் ஊரில் பனியா பெய்கிறது, பைப் தண்ணீர் போதாதா?" என்று கேட்பாய். போதாது. கூலன்ட் துருவைத் தடுக்கிறது, பம்ப் சீலைக் காக்கிறது. வழியில் வேறு வழியே இல்லாதபோது தண்ணீர் ஊற்றலாம்; வந்ததும் மாற்றிவிடு. நிறத்தை மட்டும் பார்த்துக் கலக்காதே. ஒரே பச்சையில் வேறு வேறு ரசாயனம் இருக்கும்.

வரிசையில் மறுபடி ஏறினால் ஏர்கானை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வை. வேர்த்துக் கொட்டும், ஆனால் அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். சிவப்பைத் தொட்டால் ஒதுங்கி எஞ்சினை அணை. "இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்துவிடும். சூடான எஞ்சின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதே, விரிசல் விடும். சிவப்பிலிருந்த ஊசி சட்டென்று கீழே விழுந்தால் ஆறிவிட்டது என்று நம்பாதே. கூலன்ட் தீர்ந்து, சென்சார் வெறும் ஆவியில் தொங்குகிறது. இங்கே சிங்கப்பூர் விரைவுச்சாலையில் நின்றுபோனால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி இலவசமாகப் பக்கத்துக் கார்ப்பேட்டைக்கு இழுத்துப் போகும்.

எண்ணெய் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி மாதிரி ஏதாவது இருந்தாலோ, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய ஒரு நிமிடத்தில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ காரை எடுக்காதே. ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கெட் போயிருக்கும். பஸ்ஸில் வா.

பாலம் தாண்டப் பெட்ரோல் முக்கால் டேங்க் இருக்கிறதா என்று பார்க்கிறாயே, அப்படியே அதற்குப் பக்கத்திலுள்ள வெப்ப ஊசியையும் பார். ஃபேன் சுற்றியதா என்று நாளை சொல். ரிலேமேல் உள்ள எண்ணையும் படம் எடுத்து அனுப்பு, இங்கே வாங்கி வைக்கிறேன்.

அம்மா