மீன் எண்ணெயும் நீ நிறுத்திய மாத்திரையும்

வேலூர், சத்துவாச்சாரி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கடைசியில் நாலு வரி எழுதியிருக்கிறாயே, டாக்டர் கொடுத்த கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு மீன் எண்ணெய் கேப்சூலுக்கு மாறிவிட்டேன் என்று, அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை.

எனக்கும் போன வருடம் ட்ரைகிளிசரைடு, அதாவது ரத்தத்தில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்பு, 310 வந்தது. 150-க்குள் இருக்க வேண்டியது. யாரோ சொன்னார்கள் என்று தினம் ஒரு கேப்சூல் போட்டேன். மூன்று மாதம் கழித்து வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தால் 298. அப்புறம்தான் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். எண்ணெய் 1000 மில்லிகிராம். அதில் ஒமேகா-3 கொழுப்புகளான இபிஏ 180, டிஹெச்ஏ 120. வேலை செய்வது அந்த 300 மட்டும்தான். ட்ரைகிளிசரைடு நன்றாக இறங்க, டாக்டர்கள் இந்த ஒமேகா-3-ஐ நாளுக்கு 4 கிராம் வரை கொடுக்கிறார்கள். என் கேப்சூல் கணக்கில் அதற்கு நாளுக்கு 13 கேப்சூலுக்கு மேல் ஆகிறது! அவ்வளவையும் நாமாக விழுங்கக் கூடாது. அளவு கூடினால் சிலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பும்.

உன் மாத்திரை ஸ்டேட்டின். அது எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பைக் குறைக்க. மீன் எண்ணெய் அந்த வேலையைச் செய்யாது. டிஹெச்ஏ சிலருக்கு எல்டிஎல்லைக் கொஞ்சம் ஏற்றியும் விடும். 2018-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், சுத்திகரித்த இபிஏ 4 கிராம் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு போன்றவை கால் பங்கு குறைந்தன. அவர்கள் அத்தனை பேரும் ஸ்டேட்டினையும் சேர்த்துத்தான் சாப்பிட்டார்கள். 2020-இல் இபிஏ, டிஹெச்ஏ இரண்டும் கலந்து கொடுத்துப் பார்த்ததில் அந்தப் பலன்கூட இல்லை.

எனக்குக் குறைந்தது வேறு வழியில். சோறும் சர்க்கரையும் மிஞ்சினால் கல்லீரல் அதைத்தான் ட்ரைகிளிசரைடாக மாற்றுகிறது. இரவுச் சோற்றைப் பாதியாக்கினேன், டீயில் சர்க்கரையை விட்டேன், ஆற்காடு போனாலும் மக்கன் பேடா பக்கம் திரும்புவதில்லை. காலையில் கோட்டை அகழியைச் சுற்றி நடை. ஐந்து மாதத்தில் 190.

மாத்திரையால் கை கால் வலித்திருந்தால் டாக்டரிடம் சொல், அளவையோ மருந்தையோ மாற்றிக் கொடுப்பார். இந்த வாரமே ஆரணியிலிருந்து பஸ் ஏறி வந்துவிடு, ரிப்போர்ட்டையும் எடுத்து வா. நான் கூட வருகிறேன். மதியம் நம் வீட்டில் மத்திக் குழம்பு.

உன் வரவை எதிர்பார்க்கும்,
நண்பன்