கடல் காப்பகத் தரவுத்தளம்: பதிவுகள் அனுப்புவோர் கவனத்திற்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். நமது கடல் காப்பகத்தைப் பற்றிய சூழலியல் ஆய்வுகளை ஒரே தரவுத்தளத்தில் தொகுத்து வருவதால், அச்சேறாத களக்குறிப்புகளையும் பழைய ஆய்வேடுகளையும் அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம். நாள், ஆழம், கணக்கெடுப்பு முறை ஆகியவை அவசியம். அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசமப் புள்ளிக்குப் பின் 4 இலக்கங்கள் வரை தாருங்கள். 2 இலக்கங்களோடு நிறுத்தினால் இடம் அரை கிலோமீட்டருக்கும் மேல் விலகக்கூடும் என்பதால், எல்லையோரப் பவளத்திட்டு ஒன்று காப்பகத்திற்கு வெளியே இருப்பதாகப் பதிவாகிவிடும். அறிவியல் பெயர்களை வோர்ம்ஸ் எனப்படும் உலகக் கடல்வாழ் இனங்களின் பதிவேட்டுடன் ஒப்பிட்டுத் திருத்துவோம். ஆய்வாளர் முதலில் எழுதிய பெயரும் அருகிலேயே இருக்கும். தேடியும் ஓர் இனம் தென்படவில்லை என்ற குறிப்பு, கண்ட குறிப்புக்கு இணையான மதிப்புடையது. அதைத் தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள். ஆமைகள் முட்டையிடும் இடங்களின் துல்லியமான அமைவிடம் மட்டும் பொதுப்பார்வைக்கு வைக்கப்படமாட்டாது.