மீட்டர் சொல்லும் எண்ணை யார் சரிபார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஸ்மார்ட் மீட்டர் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, கட்டணம் கூடுமா, மின்திருட்டு குறையுமா என்பதை விரிவாகப் பேசியது. மீட்டர் அனுப்பும் எண்ணையே யாராவது பொய்யாக்கினால் என்ன ஆகும் என்று ஒரு வரி இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முப்பது ஆண்டுகள் சப்ஸ்டேஷன்களில் வேலை பார்த்தவன் நான். அந்த ஒரு வரிக்காகவே இதை எழுதுகிறேன்.

என் தாத்தா கிரே ஸ்ட்ரீட்டில் மளிகைக் கடை வைத்திருந்தார். கடை சாத்தும் நேரத்தில் பேரேட்டைப் பிரித்துப் பற்று வரவு பார்ப்பார். யாராவது ஓரிடத்தில் எண்ணைத் திருத்தியிருந்தால் கூட்டல் இடிக்கும், பிடித்துவிடுவார். மின் கட்டுப்பாட்டு அறையின் கணினியும் இதைத்தான் செய்கிறது. ஓரிடத்துக்குள் வரும் மின்னோட்டமும் அங்கிருந்து போகும் மின்னோட்டமும் ஒத்துப்போக வேண்டும். ஒரு கருவி பழுதாகித் தப்பாகக் காட்டினால் சுற்றியுள்ள கருவிகள் காட்டிக்கொடுத்துவிடும்.

பேரேடு முழுவதும் தெரிந்தவன் பற்றையும் வரவையும் சேர்த்தே திருத்தினால் கூட்டல் இடிக்காது. 2009இல் அமெரிக்காவில் மூன்று ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள். மின்வலையின் அமைப்பை அறிந்த ஒருவர் சில அளவுகளை ஒன்றுக்கொன்று பொருந்தும்படி மாற்றினால், பிழை பிடிக்கும் சோதனையை அவை தாண்டிப் போய்விடும். அளவோடு மின்சாரம் போகும் லைனில் சுமை மிஞ்சியதாகத் திரை சொல்லும். ஷிஃப்டில் இருப்பவர் அதை நம்பி, லைனைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறக்கக் கூடாத நேரத்தில் திறப்பார். 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற கணினி வைரஸ், ஈரானில் இயந்திரங்களைக் கெடுத்துக்கொண்டே, எல்லாம் சரியாக ஓடுவதாகப் பழைய அளவுகளைத் திரையில் காட்டியது.

2019 ஜூலையில் ஜோகனஸ்பர்க் நகருக்கு மின்சாரம் தரும் சிட்டி பவர் நிறுவனத்தின் கணினிகளை யாரோ பூட்டிப் பணம் கேட்டபோது, ப்ரீபெய்ட் மின்சாரம் வாங்க முடியாமல் மக்கள் தவித்தார்கள். அது அன்றே ஊருக்கெல்லாம் தெரிந்தது. பொய் எண் அப்படித் தெரியாது. எனக்கு அதுதான் பெரிய பயம்.

சந்தேகம் வந்தால் தாத்தா பேரேட்டை மூடிவிட்டுக் கிடங்குக்குப் போய் மூட்டைகளை எண்ணுவார். மின்வலைக்கும் அப்படி எண்ணும் வழிகள் உண்டு. எல்லாக் கருவிகளையும் காக்க முடியாவிட்டாலும், தேர்ந்தெடுத்த சில அளவுகளை மறைகுறியாக்கித் தனிப் பாதையில் அனுப்பலாம். லைன் மின்னோட்டத்தை எதிர்க்கும் அளவை, அதாவது மின்மறிப்பை, சாதனங்களால் அவ்வப்போது மாற்றினால் திருடன் கையிலுள்ள வரைபடம் பழையதாகிவிடும். எங்கள் பேட்டைகளுக்கு இதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. தெருவுக்கு மின்சாரம் தரும் மினி சப்ஸ்டேஷனில் ஒரு காவலுள்ள மீட்டர் வையுங்கள். வீட்டு மீட்டர்களின் கூட்டுத்தொகையை அதோடு ஒப்பிடுங்கள். வழக்கமான இழப்பைவிட வித்தியாசம் திடீரென்று மாறினால் ஆளை அனுப்பிப் பாருங்கள்.

இதில் மக்களும் கைகொடுப்பார்கள். 2024 நவம்பர் 24க்குள் ப்ரீபெய்ட் மீட்டரைப் புதுப்பிக்க, 20 இலக்க எண்கள் இரண்டை அழுத்த வேண்டியிருந்தது. கண் தெரியாத பாட்டிமார்களுக்கு எங்கள் தெருப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் அழுத்திக் கொடுத்தார்கள். மீட்டர் அனுப்பிய எண்ணோடு ஒப்பிட, மாதம் ஒருமுறை மீட்டரின் முகத்தில் தெரியும் எண்ணை எழுதி அனுப்பச் சொன்னால் அதே பிள்ளைகள் செய்வார்கள்.

லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டின் கொடுமையில் கூரைக்குக் கூரை சோலார் வைத்தோமே, அந்த இன்வெர்ட்டர்களும் இணையத்தில்தான் இருக்கின்றன. கடைக்காரர் கொடுத்த பாஸ்வேர்டை இன்னும் மாற்றாத வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இன்றே மாற்றுங்கள்.

புதிய மீட்டர் வழியாக எண் போவதோடு, சுமையைக் குறைக்கும் உத்தரவும் வீட்டுக்குள் வரும். அந்த உத்தரவு உண்மையானதா என்று மீட்டர் எப்படி அறியும், எந்த அளவுகளுக்குக் காவல் இருக்கிறது, வித்தியாசம் கண்டால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்ற மூன்றையும் நகராட்சியிடம் கேட்டு, பதிலை உங்கள் இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சப்ஸ்டேஷன் பணியாளர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.