கணிதத்திற்குக் கைகொடுக்கும் நேரம் முதல் பருவத்திலேயே வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் முதல் பருவத்துக் கணிதத் தாளில் அரியர் வைக்கும் மாணவர்களுக்கு உதவி கிடைக்காமல் இல்லை. தோற்ற பிறகு கிடைக்கிறது என்பதே குறை. இதை ஓய்வுபெற்ற கணித ஆசிரியன் என்ற முறையில் எழுதுகிறேன்.

அந்தத் தாளில் ஐந்து அலகுகள். அலகுக்கு ஒரு பதினாறு மதிப்பெண் கேள்வி, அதிலும் இரண்டில் ஒன்றுக்கு விடை எழுதினால் போதும். ஆகவே மூன்று அலகுகளை மட்டும் பழைய வினாத்தாள்களிலிருந்து மனப்பாடம் செய்தால் தேறிவிடலாம் என்று விடுதி அறைகளில் கணக்குப் போடுகிறார்கள். அது பலித்தும் விடுகிறது. ஆனால் அன்று படிக்காமல் விட்ட தொகையிடல் (integration), மூன்றாம் பருவத்தில் ஃபூரியர் தொடராக, அதாவது ஒரு சார்பை சைன், கொசைன் சார்புகளின் கூட்டலாக எழுதும் பாடமாகத் திரும்பி வந்து நிற்கும்போது, பகுதி பகுதியாகத் தொகையிடத் தெரியாதவர் முதல் வரியைத் தாண்ட முடிவதில்லை.

கணக்கு, பார்த்துப் படிப்பதால் வருவதன்று. விடையை மூடி வைத்துவிட்டுத் தானே போட்டுப் பார்த்து, எந்த வரியில் நின்றுபோனோம் என்று கண்டு, அந்த வரியை மட்டும் ஒருவரிடம் கேட்பவருக்கே அது வசப்படும். ஐஐடி பேராசிரியர்கள் இணையத்தில் பாடம் நடத்தும் என்பிடெல் (NPTEL) காணொளிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, நல்லவைதாம். ஆயினும் மாணவர் நின்றுபோன வரி எதுவென்று காணொளிக்குத் தெரியாது. 2021 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் பொறியியலுக்கு வரும் அரசுப் பள்ளி மாணவர்களில் தமிழ்வழியில் படித்தவர்கள், அறுபது பேர் நடுவே ஆங்கிலத்தில் சந்தேகம் கேட்கக் கூசுகிறார்கள் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எனவே வகுப்பு தொடங்கிய இரண்டாம் வாரத்திலிருந்தே, வாரத்துக்கு இரண்டு மணி நேரம், கணக்குகளை மாணவரே போட, ஓர் ஆசிரியரும் அத்தாளில் நன்கு தேறிய மூன்றாம் ஆண்டு மாணவர் சிலரும் மேசை மேசையாகச் சென்று உதவும் பயிற்சி நேரத்தைக் கல்லூரிகள் ஏற்படுத்த வேண்டும். சந்தேகங்களைத் தமிழில் கேட்கவும் இடம் தர வேண்டும். ஆசிரியருக்கு அதைப் பணிச்சுமைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஒரு மாதத்தில் அந்த நேரம் இன்னொரு விரிவுரையாகிவிடும். (கண்டிருக்கிறேன்.) மாலையில் வைத்தால் கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் ஊர்ப்புற மாணவர்கள், குறிப்பாக மாணவியர், வர முடியாது என்பதால், இதைக் கால அட்டவணைக்குள்ளேயே வைக்கும்படி கல்லூரி முதல்வர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி