பெரியப்பா, அந்த மாத்திரையை ஆரம்பிப்பதற்கு முன்னால்

அன்புள்ள பெரியப்பா,

உங்கள் மாகுலா சிதைவுக்கு, அதாவது வயதாக ஆக விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போகிற நோய்க்கு, நல்லது என்று யாரோ சொன்னதாக ஒரு மாத்திரை டப்பா வாங்கி வைத்திருக்கிறீர்கள், அதைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். இதே கேள்வியோடு இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்றுதான் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன்.

முதலில் டப்பாவின் பின்பக்கம், பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். பீட்டா கரோட்டின் (உடம்பில் வைட்டமின் ஏ-ஆக மாறுகிற சத்து) என்று இருந்தால் அது உங்களுக்கு வேண்டவே வேண்டாம். சிகரெட்டை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது என்பீர்கள், சரிதான், ஆனால் முன்பு புகைத்தவர்களுக்கும் அது நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது. இந்த நோய்க்கு இப்படிப்பட்ட சத்து மாத்திரைகள் உதவுமா என்று பார்த்த, 2001-இல் வெளியான ஏரெட்ஸ் (AREDS) என்ற அமெரிக்க ஆய்வின் கலவையில் அது இருந்தது. 2013-இல் முடிவு வந்த இரண்டாவது ஆய்வில் அதற்குப் பதிலாக லூட்டீன் 10 மில்லிகிராம், ஜியாசாந்தின் 2 மில்லிகிராம் என்று கீரையில் இருக்கிற இரண்டு சத்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள், அதுவே பாதுகாப்பானது என்று தெரிந்தது. பழைய கலவை இன்னமும் சில டப்பாக்களில் வருகிறது, அதுதான் எனக்குக் கவலை. மீன் எண்ணெய் சேர்த்தது என்று விலை கூட்டி விற்றால் அதற்காகக் காசு கொடுக்காதீர்கள், ஒமேகா-3 சேர்த்ததில் கூடுதல் பலன் எதுவும் அந்த ஆய்வில் கிடைக்கவில்லை.

அப்புறம், இந்த மாத்திரை யாருக்கு? மாகுலா சிதைவு நடுத்தரக் கட்டத்தில் இருப்பவர்களுக்கும், ஒரு கண்ணில் மட்டும் முற்றிப்போனவர்களுக்கும்தான். முதல் ஆய்வில் இப்படிப்பட்டவர்களில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்ட 100 பேரில் சுமார் 28 பேருக்கு ஐந்து வருஷத்தில் நோய் முற்றியது, முழுக் கலவையும் சாப்பிட்டவர்களில் சுமார் 20 பேருக்கு. சின்ன வித்தியாசம் இல்லை அது, பார்வை போன பிறகு அதன் அருமை தெரிந்து என்ன பயன்? ஆனால் போன பார்வையை இது திருப்பித் தராது, ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்குப் பலன் இருப்பதாகவும் தெரியவில்லை. அதனால் உங்களுக்கு எந்தக் கட்டம் என்று கண் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். "வயசானா இப்படித்தான்" என்ற பதிலோடு எழுந்து வந்துவிடாதீர்கள்.

அளவும் சாதாரண அளவு இல்லை. ஒரு ஆணுக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் துத்தநாகம் 11 மில்லிகிராம்தான், இந்தக் கலவையில் 80 இருக்கிறது. அவ்வளவு துத்தநாகம் உள்ளே போனால் உடம்பில் தாமிரம் குறைந்து ரத்தசோகை வரலாம், அதற்காகத்தான் 2 மில்லிகிராம் தாமிரமும் சேர்க்கிறார்கள். வைட்டமின் ஈ 400 யூனிட் இருப்பதால், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். நீங்கள் ஏற்கனவே போடுகிற சத்து மாத்திரையையும் கூடவே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தினமும் ஒரு வேலை இருக்கிறது. கட்டம் போட்ட ஒரு தாளைச் சுவரில் ஒட்டி, நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைக் கையால் மூடி மற்ற கண்ணால் அந்தப் புள்ளியையே பாருங்கள், பிறகு அடுத்த கண். இரண்டு கண்ணையும் சேர்த்துத் திறந்து பார்த்தால், கெட்ட கண்ணின் குறையை நல்ல கண் மறைத்துவிடும். கோடு எங்கேயாவது புதிதாக வளைந்தாலோ, நடுவில் கறை மாதிரி தெரிந்தாலோ அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். நோய் ஈர வகையாக, அதாவது விழித்திரைக்கு அடியில் ரத்தக்குழாய்கள் புதிதாக வளர்ந்து கசிகிற வகையாக, மாறியிருந்தால் கண்ணுக்குள் போடும் ஊசிதான் வேலை செய்யும், அதையும் சீக்கிரம் போட வேண்டும்.

டப்பாவின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகள்